மெகாட்ரானின் மடங்காத முழங்கை

ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரில் கடலை ஒட்டிய வீடு எங்களுடையது. அலமாரியில் நின்ற, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைகளின் வில்லன் ரோபோவான மெகாட்ரான் பொம்மையின் வலது முழங்கை திடீரென மடங்க மறுத்தது. பீரங்கி தாங்கும் கை அதுதான். பீரங்கியைக் கையில் பொருத்தும் 5 மில்லிமீட்டர் முளையைச் சந்தேகித்துக் கழற்றினேன். பயனில்லை. தேங்காய் எண்ணெய் விட்டதில் தூசிதான் ஒட்டியது. வெந்நீரும் கைகொடுக்கவில்லை. நான்கு நாள் வீண்.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் மூட்டோரத்தில் மெல்லிய காவிக்கோடு தெரிந்தது. உப்புக்காற்றில், உள்ளே மூட்டை இணைக்கும் இரும்பு ஊசி துருவேறிப் பருத்திருந்தது. ஊசியின் ஒரு முனையில் மட்டும் பல் பல்லாக வரிகள் இருந்தன. அந்தப் பக்கம் தட்டினால் வரிகள் துளை முழுவதையும் அறுத்துக்கொண்டு போகும். வழவழப்பான முனையில் சிறு ஆணியை வைத்துத் தட்டினேன், வந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, சிலிகான் கிரீஸ் தடவி மாட்டினேன். அப்பாடா! வில்லன் மறுபடியும் பீரங்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான், இம்முறை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்.