'நைஸ்' வந்தால் உடனே 'நல்ல' என்று எழுதாதீர்கள்

பல வருடங்களுக்கு முன் ஒரு தீர்ப்பைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 'எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா' என்று ஒரு வரி. வேகத்தில் 'நல்லதொரு சட்டக் கேள்வி' என்று அடித்து அனுப்பிவிட்டேன். சரிபார்த்த மூத்த வழக்கறிஞர் 'நல்லதொரு' என்பதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'நுட்பமான' என்று எழுதித் திருப்பினார். நீதிபதி அங்கே யாரையும் பாராட்டவில்லை. இழை பிரித்துப் பார்த்தால்தான் விடை தெரியும் என்கிறார். மொழிபெயர்க்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது 'நைஸ்' என்ற இந்த ஒரு சொல்லைத்தான்.

'நைஸ்' வந்தால், முதலில் நீங்கள் மொழிபெயர்க்கும் எழுத்து எந்தக் காலத்தது என்று பாருங்கள். லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். 'நே' என்பது இல்லை, 'ஸ்கிரே' என்பது அறிதல். 'சயன்ஸ்' என்ற சொல்லும் இதே 'ஸ்கிரே' வழி வந்ததுதான். ஆக நைஸும் சயன்ஸும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த 'நெஸ்கியுஸ்' பழைய பிரெஞ்சுக்குப் போய், 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது 'நைஸ்' என்றால் மடத்தனமான என்று பொருள். அப்புறம் அது படாத பாடு பட்டது. ஒழுக்கம் கெட்ட, கூச்சமுள்ள, எதிலும் குறை காண்கிற, துல்லியமான என்று நூற்றாண்டுகள் போகப் போகப் பொருள் மாறிக்கொண்டே வந்தது. இன்று நாம் சொல்லும் 'இனிமையான' என்ற பொருள் ஊன்றியது 18ஆம் நூற்றாண்டில்தான்.

அதனால் ஷேக்ஸ்பியரில் இந்தச் சொல் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். 'ரோமியோ ஜூலியட்' கடைசி அங்கத்தில், ரோமியோவுக்குப் போக வேண்டிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறுகிறார்: அந்தக் கடிதம் 'நைஸ்' அல்ல, கனமான செய்தி சுமந்தது என்கிறார். இங்கே 'நைஸ்' என்றால் அற்பமான, சில்லறையான. 'கடிதம் நன்றாக இல்லை' என்று எழுதினால் அந்தக் காட்சியே செத்துவிடும். இரண்டு உயிர் போகப்போகிறது என்ற பதற்றம் அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் காலம் நடுவாந்திரம். இரண்டு பொருளும் அருகருகே புழங்கிய காலம். 1817 கடைசியில் வெளிவந்த அவருடைய 'நார்த்தாங்கர் அபே' நாவலில், கதாநாயகி கேத்தரின் ஒரு புத்தகத்தை உலகத்திலேயே 'நைஸான' புத்தகம் என்கிறாள். அவளோடு பேசிக்கொண்டிருக்கும் ஹென்றி விடவில்லை: கச்சிதமானது என்று சொல்கிறீர்கள் போல, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். அவள் புதுப் பொருளில் பேசுகிறாள், அவன் வேண்டுமென்றே பழைய பொருளைப் பிடித்துக்கொள்கிறான். இந்த உரையாடலைத் தமிழாக்கினால் 'அருமையான' போன்ற சொல் உதவாது. புத்தகத்தின் உள்ளே இருப்பதற்கும் அட்டைக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். நான் 'நேர்த்தியான' என்று எழுதுவேன்.

இன்றைய எழுத்து என்றால், பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் வழிகாட்டி. வேறுபாடு, வாதம், சட்டப் பிரச்சினை என்று வந்தால் நுட்பமான. மனிதர் என்றால் தங்கமான, நல்ல மனசுக்காரர். வெயில், காற்று என்றால் இதமான. சாப்பாடு என்றால் ருசியான. 'நைஸ் அண்ட் எர்லி' என்று வந்தால் நம்மிடம் 'நேரத்தோடே' இருக்கிறது. 'நைஸ் அண்ட் ஸ்லோ' என்றால் 'நிதானமாக'. 'நல்ல' என்பதைக் கடைசியாக எடுங்கள். ஒன்றும் பொருந்தாதபோது அது இருக்கவே இருக்கிறது. ஆனால் குத்தலாகச் சொல்லும் 'நைஸ் ஃப்ரெண்ட் யூ ஆர்' வந்தால் அதுதான் சரி: 'நல்ல ஆளய்யா நீ!'

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். இந்தச் சொல்லை நாம் வாங்கி நமக்கேற்ற வேலைகளைக் கொடுத்திருக்கிறோம். புடவை நைஸாக இருக்கிறது என்றால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறோம், வழவழப்பு. நைஸாக நழுவிவிட்டான் என்றால் கண்ணில் படாமல். நைஸாகப் பேசிக் காரியம் சாதித்தான் என்றால் அதில் தந்திரம் இருக்கிறது. 'நைய' என்ற நம் சொல்லை ஏற்கனவே கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே படவில்லை. சமையல் குறிப்பு ஒன்றில் 'அரிசியைச் சற்றுக் கொரகொரப்பாகவும் உளுந்தை நைஸாகவும் அரைக்கவும்' என்று இருந்ததை ஒரு மாணவி அப்படியே 'நைஸ்லி' என்று எழுதி வந்தாள். ஆங்கிலேயர் அதைப் படித்தால் உளுந்தை மரியாதையாக அரைக்கச் சொல்கிறார்கள் என்று நினைப்பார். அடித்துவிட்டு 'ஸ்மூத்' என்று போடச் சொன்னேன்.