எடை மெஷின் சொல்லாத கணக்கு: தசையை விட்டுக்கொடுக்காமல் கொழுப்பைக் குறைப்பது எப்படி

பத்து கிலோ குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். உடலுக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டை மட்டும் வெட்டுகிறவர்களுக்கு, குறைந்த எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாகப் போகிறது. மாடிப்படி ஏறுவதற்கும், கால் தடுக்கினால் விழாமல் ஊன்றிக்கொள்வதற்கும், சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்வதற்கும் தசைதான் வேண்டும். எழுபது வயதில் யார் உதவியும் இல்லாமல் நடமாட வேண்டும் என்பதற்காக எடை குறைக்கிறவர், அதே தசையைக் கரைத்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

கீழே இருப்பது 12 வாரச் சுற்று ஒன்று. இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை இறங்க இறங்கத் தலைசுற்றல் வரலாம், அப்போது மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கீழே சொல்லும் புரத அளவு பொருந்தாது. கர்ப்பிணிகளும், பட்டினி கிடப்பது, வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறு இருந்தவர்களும் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவை எடையைத் தூக்கிவிடும். காரணம் அங்கே இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

முதலாவது வயிற்றுச் சுற்றளவு. விலா எலும்பின் கடைசி விளிம்பைப் பக்கவாட்டில் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடித்த நொடியில் அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளப்பதுதான் பொதுவான தவறு. தொப்பை சரிந்தவர்களுக்கு பேன்ட் அதற்குக் கீழே போய்விடுவதால், 10 சென்டிமீட்டர் வரைகூடக் குறைத்துக் காட்டும். சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டாமல் இருப்பது நல்லது: 160 செ.மீ. உயரம் என்றால் 80 செ.மீ.

இரண்டாவது எடை. காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், கடினமான தரையில் வைத்த அதே மெஷினில் பாருங்கள். ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை. வாரத்தில் குறைந்தது மூன்று நாள் எடுத்து, அந்த வாரச் சராசரியை மட்டும் அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரே இரவில் ஒரு கிலோ கூடினால் அது கொழுப்பாக இருக்க வழியில்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். கூடியது உப்பு பிடித்துவைத்த நீராகவோ வெளியேறாத மலமாகவோ இருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் எடை கூடும் என்பதால், பெண்கள் சுழற்சியின் அதே வாரத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவது நல்லது.

மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை, ஆனால் தசையின் நிலையைக் காட்டுவது அதுதான். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆவதை, வயதானவர்களின் தசைபலக் குறைவுக்கான அறிகுறியாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நான்கு வாரத்துக்கும் ஒருமுறை, அதே நாற்காலியில் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பி.எம்.ஐ.யை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடலாம். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடல் பருமன். ஆசிய வம்சாவளியினருக்கு 23லேயே கவனம் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதே எடையில் அவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது. அது தசையா கொழுப்பா என்பது இந்த எண்ணுக்கும் தெரியாது.

எவ்வளவு குறைப்பது

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். 45 வயதுப் பெண், 160 செ.மீ., 78 கிலோ. சும்மா படுத்திருந்தாலே உடல் செலவழிக்கும் கலோரியைக் கணக்கிட, எடையை 10ஆல் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் பெண்ணுக்கு 161ஐக் கழிக்க வேண்டும். ஆணாக இருந்தால் 5ஐக் கூட்ட வேண்டும். 780 + 1000 − 225 − 161 = 1,394. பெரும்பாலும் உட்கார்ந்த வேலை என்றால் இதை 1.3ஆல் பெருக்கலாம்: சுமார் 1,810. இதிலிருந்து 450ஐக் குறைத்தால் நாளுக்கு 1,350 கலோரி அளவில் நிற்கிறோம். கணக்குப்படி வாரத்துக்கு 400 கிராம், 12 வாரத்தில் நான்கிலிருந்து ஐந்து கிலோ இறங்கும்.

இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் நடந்து 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் வைத்த இலக்கே உடல் எடையில் 7 சதவீதம்தான், கூடவே வாரம் 150 நிமிட நடை. நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு அந்நோய் வருவது அதனால் 58 சதவீதம் குறைந்தது. மறுபக்கம், வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைத்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு ஏறுகிறது, தசையும் வேகமாகப் போகிறது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் 1,200 கலோரிக்குக் கீழே போக வேண்டாம்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் குதிக்கவும் வேண்டாம். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன், ஒரு கிராமுக்கு மூன்று கிராம் நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் அந்த நீர்தான் முதலில் போகிறது. மறுபடி சாப்பிட்டால் மறுபடி வரும்.

கலோரியை எங்கே வெட்டுவது? முதலில் குடிக்கிறவற்றில். 330 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. வயிறு நிறைந்த உணர்வு அதில் கிட்டத்தட்ட இல்லை. மதுவில் உள்ள ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி. அடுத்தது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. குப்பியைச் சாய்த்து ஊற்றும் கைக்கு ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. சமையலுக்கு நாள் முழுவதற்குமான எண்ணெயைக் காலையிலேயே அளந்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். மூன்றாவது, பாக்கெட்டில் வரும் அதிகம் பதப்படுத்திய உணவு. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்துப் பார்த்தது. சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக வைத்து உணவு பரிமாறியும், பதப்படுத்தாததைச் சாப்பிட்ட இரண்டு வாரங்களைவிட, பதப்படுத்தியதைச் சாப்பிட்ட இரண்டு வாரங்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வேகமாக மென்று விழுங்க முடிவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

புரதம்: தட்டில் முதலில் வைக்க வேண்டியது

அடைய நினைக்கும் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் உதாரணப் பெண்ணுக்கு இலக்கு 65 கிலோ என்றால் 78 கிராம். இதை இரவில் மொத்தமாகச் சாப்பிடாமல் மூன்று வேளைக்கு 25 கிராம் வீதம் பிரித்தால் தசைக்கு நன்றாகப் பயன்படும், பசியும் அடங்கும். சமைத்த மீனோ கோழியோ 100 கிராமில் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். ஒரு முட்டையில் 6 கிராம்தான்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பருப்பு. 100 கிராம் உலர்ந்த பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. வெந்து நீர் சேர்ந்த பிறகு ஒரு கரண்டியில் இருப்பது அதில் ஒரு துளி. தவிர, அந்த 100 கிராமோடு 60 கிராம் மாவுச்சத்தும் சேர்ந்தே வருகிறது. ஆகவே பருப்பைக் கூட்டுகிற வேளையில் தானியத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இரண்டையும் பழைய அளவில் வைத்துவிட்டு எடை இறங்கவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. சோயா உருண்டையில் உலர்ந்த எடையில் பாதி புரதம் என்பதால் 50 கிராமில் ஒரு வேளைக் கணக்கு முடிந்துவிடும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மீதி தானியம்.

தசைக்கு வேலை

வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் 30 நிமிடம், நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. ஐந்து அசைவுகள் போதும்.

1. நாற்காலியிலிருந்து எழுவது. கடினமாக இருந்தால் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். எளிதாகிவிட்டால் மார்போடு ஒரு சுமையை அணைத்துக்கொண்டு எழுங்கள்.
2. தள்ளுவது. சுவரில் கைவைத்துத் தொடங்கி, பிறகு உறுதியான மேசை விளிம்பு, பிறகு தரை.
3. இழுப்பது. ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுத்தால் நீளும் பயிற்சிப் பட்டை) அசையாத ஒன்றில் மாட்டி, முழங்கைகள் உடலை உரசிப் பின்னால் போகும்படி இழுக்க வேண்டும்.
4. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி இரண்டு விநாடி நிறுத்துவது.
5. இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து 30 விநாடி நடப்பது. பையில் தண்ணீர்க் குப்பிகளை வைத்தால், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் எடையைத் துல்லியமாகக் கூட்டலாம்.

முதல் நான்கையும் 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று. ஐந்தாவதை மூன்று நடை. சுற்றுகளுக்கு நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. நிறுத்தும்போது இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். இன்னும் பத்து செய்ய முடியும் என்றால் தசைக்கு அது வேலையே இல்லை. 12 முறை சுலபமானதும் சுமையைக் கூட்டாமல் மாதக்கணக்கில் அதையே செய்வதுதான் பலரும் முன்னேறாமல் நிற்பதற்குக் காரணம். அடுத்த ஒன்றிரண்டு நாள் தசையில் வலி இருப்பது இயல்பு; மூட்டில் குத்தும் வலி வந்தால் நிறுத்துங்கள். தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், இரத்த அழுத்தம் எகிறும்.

நடை, தூக்கம்

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் நடையின் வேகம். வாரத்துக்கு 150 நிமிடம் குறைந்தபட்சம். நாளுக்கு 10,000 காலடி என்ற எண் 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. இப்போது நாளுக்கு 3,000 அடி நடக்கிறவர், அந்த நாள் கணக்கில் ஒவ்வொரு வாரமும் 1,000 கூட்டினால் போதும். சாப்பிட்டவுடன் 10 நிமிடம் நடப்பது சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும். அரை மணி வேக நடையில் போவது 120 முதல் 150 கலோரிதான். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

தூக்கத்தைக் குறைத்து உடற்பயிற்சிக்கு நேரம் எடுப்பது நஷ்டம். 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பத்துப் பேர் ஒரே உணவைச் சாப்பிட்டு, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்தார்கள். இறங்கிய எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். குறைவாகத் தூங்கியபோது கொழுப்பு பாதிக்கும் குறைவாகவே கரைந்தது. மீதி கொழுப்பல்லாத திசு. உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

மூன்று எண்களைச் சேர்த்துப் படிப்பது

நான்காவது வாரம் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். எடையும் வயிறும் இறங்கி, நாற்காலி நேரம் அப்படியே இருந்தாலோ குறைந்தாலோ, எதையும் மாற்ற வேண்டாம். எடை நின்று வயிறு மட்டும் இறங்கினால் அதுவும் நல்லதே, கொழுப்பு போகிறது. எடை இறங்கி, வயிறு அப்படியே இருந்து, எழுந்து உட்காரக் கூடுதல் நேரம் ஆனால் தசை போகிறது: கலோரியை 200 கூட்டி, புரதத்தையும் பயிற்சியையும் சரிபாருங்கள்.

எடையும் வயிறும் நான்கு வாரம் அசையாவிட்டால்தான் அதைத் தேக்கம் என்று சொல்ல வேண்டும். அப்போது மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாள், எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். ஐந்து நாள் 450 வீதம் மிச்சம் பிடித்தது 2,250. வார இறுதி இரண்டு நாளில் 1,000 வீதம் கூடினால் மிஞ்சுவது 250. பெரும்பாலான தேக்கங்களின் விடை இந்தப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் புதிய எடையை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். எடை குறைந்த உடலுக்குச் செலவும் குறைவு.

12 வாரத்துக்குப் பிறகு

நிறுத்துவது என்றால் பழைய தட்டுக்குத் திரும்புவது அல்ல. நாளொன்றுக்கான அளவில் ஒவ்வொரு வாரமும் 100 முதல் 150 கலோரி கூட்டிக்கொண்டே போய், சராசரி எடை அசையாத இடத்தில் நில்லுங்கள். இரண்டு மாதம் அங்கேயே இருந்துவிட்டு, வேண்டுமானால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். வாராந்திர எடை பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். நிலைத்த சராசரியிலிருந்து இரண்டு கிலோ ஏறினால் மூன்று வாரம் பழைய கணக்குக்குத் திரும்புங்கள். ஐந்து கிலோ ஏறும்வரை காத்திருந்தால் அது ஒரு முழுச் சுற்று. செமாக்ளூடைடு போன்ற எடை குறைப்பு ஊசி போடுகிறவர்களுக்குப் பசியே குறைந்துவிடுவதால் புரதமும் சேர்ந்து குறைகிறது. அவர்கள் முட்டையையும் மீனையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மற்றதைத் தொடட்டும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்ப ஏறுவதால், நிறுத்தும் திட்டத்தையும் மருத்துவரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

65 வயதைத் தாண்டியவர்கள் வரிசையை மாற்ற வேண்டும். முதல் எட்டு வாரம் கலோரியைத் தொடாமல் புரதத்தையும் பயிற்சியையும் மட்டும் ஏற்றி, நாற்காலி நேரம் குறைந்த பிறகே 250 அளவில் குறைக்கத் தொடங்கலாம். முயற்சியே செய்யாமல் ஆறு மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்திருந்தால், எந்த வயதாக இருந்தாலும் பரிசோதனைக்குப் போங்கள்.