டர்பன் குளிரில் ஆடிக் கூழ்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் ஆடி என்றால் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற முதல் தடவை இறங்குகிறவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள். தமிழ்நாட்டுச் சமையல் குறிப்பில் 'ஓர் இரவு புளிக்க வையுங்கள்' என்றிருக்கும். அதை நம்பிச் சனிக்கிழமை இரவு மாவைக் கரைத்தேன். காலையில் மூடியைத் திறந்தால் வெறும் மாவு வாசம். ஆயா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கஞ்சி, கூழ் இல்லை" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

சரி, நாளைக் குறியுங்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. வெள்ளி விசேஷம்தான், ஆனால் நாலு பேர் சேர்ந்து வர ஞாயிறுதான் தோது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வியாழன் இரவே 1 கிலோ மாவை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். கேழ்வரகு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவு போதும், இங்கே அதுதான் வழக்கம். சனி மாலை 4 லிட்டர் தண்ணீரில் கால் கிலோ நொய்யை நன்றாகக் குழைய வேகவிட்டு, தீயைக் குறைத்து, புளித்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கையை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். மறுநாள் உப்பு, அமாசி (தயிர் மாதிரி இருக்கும் இவ்வூர்ப் புளித்த பால்), நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துக் கரைத்தால் 25 பேருக்குக் காணும்.

அடுத்தது கலசம். செம்பில் மஞ்சள் தண்ணீர், மேலே இலை, மஞ்சள் பூசிய தேங்காய், குங்குமம். அரிசி பரப்பிய வாழையிலையில் வைத்து விளக்கேற்றுங்கள். வேப்பிலைக்குப் பதிலாக இங்கே சிரிங்கா இலையை வைப்பார்கள். அது நம்மூர் மலைவேம்பு. ஆடியில் இலை உதிர்ந்து மஞ்சள் காய்கள்தான் கொத்தாகத் தொங்கும். அந்தக் காய் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். சிரிங்கா இலை போட்ட தண்ணீரையும் தீர்த்தமாகக் குடிக்கக் கொடுக்காதீர்கள், தெளிக்க மட்டும். இலை கிடைக்காவிட்டால் மாவிலை வையுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இனி 108 போற்றி. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை போய்விட்டது. இப்போது வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளைக் கொடுத்தால் எல்லாரும் தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள், குரல் வெளியே வராது. அதனால் தாளே கொடுக்காதீர்கள். ஒருவர் மட்டும் "ஓம் முத்துமாரித் தாயே" என்று நிறுத்தட்டும். கூட்டம் முழுக்க "போற்றி" என்று சொல்லட்டும். அந்த ஒரே சொல் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் வரும். ஆனால் 'பொட்ரி' என்று வந்து விழும். முதலில் மூன்று தடவை 'போ'வை நீட்டிச் சொல்லவைத்துப் பழக்குங்கள்.

வேகம்தான் சிக்கல். கூட்டத்தின் 'றி' அடங்கிய பிறகே அடுத்த வரியை எடுங்கள். அவசரப்பட்டால் இருபதாவது வரிக்குள் இரண்டு குரலும் மோதும். எண்ணிக்கை தவறாமலிருக்க ஒரு பிள்ளையிடம் 108 செவ்வந்தி இதழ் எண்ணிக் கொடுத்து, போற்றிக்கு ஒன்றாகக் கலசத்தடியில் போடச் சொல்லுங்கள். இதழ் தீர்ந்தால் தீபாராதனை. எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடியும். உடுக்கை அடிக்கத் தெரிந்த மாமா யாராவது இருந்தால் கடைசிப் பத்து வரிக்கு மட்டும் விடுங்கள், முதலிலேயே விட்டால் அவர் நிறுத்த மாட்டார்.

அப்புறம் கூழ் ஊற்றுங்கள். முதல் செம்பு அம்மனுக்கு, அடுத்தது வாசலுக்கு வந்தவர் எவரானாலும். பக்கத்தில் இருக்கும் ஜூலு இன மக்களின் வீடுகளுக்கும் புளித்த கூழ் புதிதில்லை. எங்கள் எதிர்வீட்டு அம்மாள் ஒவ்வோர் ஆடிக்கும் மூடி போட்ட வாளியோடுதான் வருவார். அவருக்கு மட்டும் வெங்காயம் போடாமல் தனியாக எடுத்துவைப்போம்.