கிராண்ட் கேன்யனுக்குள் முதல் நடை: சீடர் ரிட்ஜ் வரை இறங்கி ஏறுவது எப்படி

மலையேறிப் பழகியவர்களும் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஏமாந்துபோவதுண்டு. மலையில் களைத்துவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தொடங்கும் இடமே உச்சி. காலைக் குளிர், தெம்பான கால், கீழ்நோக்கிய பாதை என்று ஒரு மணி நேரம் ஓடியதே தெரியாது. கால் தளர்ந்து வெயிலும் ஏறிய பிறகுதான் ஏற்றம் ஆரம்பிக்கும். அதனால் நேரம், தண்ணீர், தின்பண்டம் எல்லாவற்றையும் திரும்பி ஏறுவதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

1. பாதையைத் தேர்ந்தெடுங்கள்

தெற்கு விளிம்பிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்க பிரைட் ஏஞ்சல், சௌத் கைபாப் என்று இரண்டு பெரிய பாதைகள் உண்டு. பிரைட் ஏஞ்சல் ஒரு நிலப்பிளவை ஒட்டி, பாறை மடிப்புக்குள் இறங்குகிறது, நிழல் கிடைக்கும். அந்தப் பாதை ஒரு காலத்தில் ரால்ஃப் கேமரன் என்பவரின் பிடியில் இருந்தது, சுங்கம் கட்டித்தான் இறங்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் பூங்கா நிர்வாகம் 1920-களின் நடுவில் சௌத் கைபாப்பை வெட்டியது. அது மலைமுதுகின் மேலேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு விரிந்து தெரிவதற்கும், வழியில் சொட்டுத் தண்ணீர் இல்லாததற்கும் காரணம் அதுவே.

முதல் தடவை போகிறவர்களுக்கு சௌத் கைபாப்பில் சீடர் ரிட்ஜ் வரை போவதையே சொல்வோம். குறைந்த தூரத்தில் இவ்வளவு காட்சி பிரைட் ஏஞ்சலில் கிடைக்காது. போக 1.5 மைல், வர 1.5 மைல், மொத்தம் சுமார் 5 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,140 அடி. மாடிக்குப் பத்தடி என்றால் 114 மாடி ஏற வேண்டும், அதுவும் 7,000 அடி உயரத்துக் காற்றில். அது அதிகம் என்று தோன்றினால் 0.9 மைலில் உள்ள ஊ-ஆ பாயின்டோடு திரும்பலாம். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால் இந்தப் பாதையே வேண்டாம். மேலே மேதர் பாயின்டிலிருந்து யாவபாய் வரை தளம் போட்ட நடைபாதை இருக்கிறது. அவர்கள் அதில் நிதானமாக நடக்கட்டும்.

2. மாதமும் மணியும்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆகியவை நல்ல காலம். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பாதையில் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏற 2 மணி நேரம், கீழே அரை மணி ஓய்வு, இறங்க 1 மணி நேரம். காலை 6 மணிக்கு முதல் அடி வைத்தால் 9.30-க்கு மேலே வந்துவிடலாம். 8 மணிக்குத்தான் எழுந்தீர்களா? அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மதியத்துக்கு மேல் இடியும் மின்னலும் வரும். மலைமுதுகில் ஒதுங்க இடமில்லை. குளிர்காலத்தில் சிக்கல் வேறு: மேலே உள்ள முதல் வளைவுகளில் வெயில் படாததால் பனி இறுகிக் கண்ணாடியாகிவிடும். காலணிக்கு மேல் மாட்டும் முள் சங்கிலி இல்லாமல் இறங்காதீர்கள்.

பாதை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரில் போக முடியாது. பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்திவிட்டு, ஆரஞ்சு நிற கைபாப் ரிம் தடத்து இலவசப் பேருந்தில் ஏறுங்கள். அதிகாலையில் நடைக்காரர்களுக்கென்று தனிப் பேருந்தும் உண்டு. அதன் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். முந்தைய நாளே பார்த்து வையுங்கள். இன்னொன்று: அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, பக்கத்தில் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதியில் மாற்றுகிறார்கள். அந்த வழியாக வந்திருந்தால் கைபேசி ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டலாம்.

3. பையில் என்ன

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கோடையில் 3. பேருந்து ஏறும் முன்பே நிரப்பிவிடுங்கள். தொப்பி, குளிர்க் கண்ணாடி, மேலே குளிருக்கு ஒரு மெல்லிய மேல்சட்டை, சின்ன டார்ச்.

சாப்பாட்டில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே உப்பும் மாவும் கலந்ததாக எடுங்கள்: உப்புக்கடலை, சிப்ஸ், முறுக்கு. புளியோதரை கட்டிக்கொண்டு போனாலும் பொருத்தமே. இனிப்பு மிட்டாய் மட்டும் கொண்டுபோவது உதவாது.

4. காலணி

நடந்து பழகிய காலணி போதும்; புதிதாக வாங்கியதை அன்றைக்குப் போடாதீர்கள். முந்தைய நாள் கால்நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னால் சறுக்கி, விரல் நுனி காலணியில் இடிக்கும். நகம் கறுத்துப்போவது இதனால்தான். குதிகாலைக் காலணியின் பின்பக்கத்தில் நன்றாகத் தட்டி உட்காரவைத்து, கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்குங்கள். விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும்.

5. இறக்கம்

ஆரம்பத்திலேயே நெருக்கமான கொண்டை ஊசி வளைவுகள். மண் அரிக்காமல் இருக்கக் குறுக்கே மரக்கட்டை பதித்திருப்பார்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே மண் தேய்ந்து, படி முழங்கால் உயரத்துக்கும் வந்துவிடும். அதில் குதிக்காதீர்கள், நடைக்கோல் இருந்தால் அதை முதலில் கீழே ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள்.

கோவேறு கழுதைகள் வந்தால் பாறைச் சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது. ஓட்டுபவர் சொல்வதைக் கேட்டு, பேசாமல், அசையாமல் நில்லுங்கள். கடைசிக் கழுதை 50 அடி தாண்டிய பிறகு நடக்கலாம். மனிதர்களில், ஏறி வருகிறவருக்கே வழி முதலில்.

பாறையின் நிறம் மாறுவதைக் கவனித்துக்கொண்டே போங்கள். மேலே வெளிறிய கைபாப் சுண்ணாம்புக்கல், கீழே செம்மண் நிறத்தில் ஹெர்மிட் அடுக்கு. கால் சிவந்த புழுதியில் பதிந்தால் சீடர் ரிட்ஜ் வந்துவிட்டது. அகலமான திட்டு, கழிப்பறை உண்டு, எதிரே ஓ'நீல் குன்று. பெயர்தான் சீடர் (தேவதாரு), அங்கே நிற்பவை ஜூனிபர் மரங்கள்.

6. திரும்புவது

சீடர் ரிட்ஜை அடையும் முன்பே தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டால் அங்கேயே திரும்புங்கள். இறங்க ஆன நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏற ஆகும். "இன்னும் கொஞ்சம்" என்று ஸ்கெலிட்டன் பாயின்ட் பக்கம் போக ஆசை வரும். அது போகவர 6 மைல், 2,040 அடி. முதல் தடவைக்கு வேண்டாம்.

ஓய்வெடுக்கும்போது பையைத் திறந்து போடாதீர்கள். பாறை அணில்கள் துணியையும் கடித்து உள்ளே நுழையும், தின்ன நீட்டினால் விரலையும் கடிக்கும்.

7. ஏற்றம்

பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்கினால் இன்னும் மெதுவாக. அரை மணிக்கு ஒருமுறை, ஐந்து முதல் பத்து நிமிடம், கால்களைப் பாறைமேல் தூக்கிவைத்து உட்காருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் உப்புப் பண்டம், அதோடு தண்ணீர்.

யாருக்காவது தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே நிழலில் உட்காரவையுங்கள். எவ்வளவு குடித்தார், என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். குறைவாகக் குடித்திருந்தால் சட்டையை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரும் தின்பண்டமும் கொடுங்கள். நிறையக் குடித்து, சாப்பிடாமல், அடிக்கடி தெளிந்த சிறுநீர் போகிறதென்றால் தண்ணீரை நிறுத்திவிட்டு உப்பான பண்டம் கொடுங்கள். பேச்சு குழறினால் நீங்களாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பூங்காக் காவலரான ரேஞ்சருக்குத் தகவல் போக வேண்டும். சிக்னலை நம்ப முடியாது. மேலே ஏறுகிற இன்னொருவரிடம் இடத்தையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

கடைசி வளைவுகளில்தான் கால் கெஞ்சும். அங்கே அடியைச் சின்னதாக்குங்கள், வளைவுக்கு வளைவு நின்று வாருங்கள்.