பெஞரோலின் பட்டங்களை எண்ணுவது எப்படி

மொந்தேவிதேயோ நகரத்தின் பெஞரோல் கால்பந்துக் கிளப் எத்தனை முறை உருகுவாய் சாம்பியன் ஆனது என்று தேடிப் பாருங்கள். இடத்துக்கு இடம் எண் மாறும். பெரும்பாலும் அது கூட்டல் பிழையல்ல. எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது, எந்தச் சங்கம் நடத்திய போட்டியைச் சேர்ப்பது என்பதில் வரும் வேறுபாடு. ஆகவே இந்தக் கிளப்பின் வரலாற்றை எழுத உட்காருபவர் மொத்த எண்ணைத் தேடி அலைய வேண்டாம். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: ஆண்டு, போட்டியின் பெயர், நடத்திய அமைப்பு, சாம்பியனைத் தீர்மானித்த முறை. நான்கும் நிரம்பாத வரியைக் கூட்டலில் சேர்க்காதீர்கள்.

முதல் சிக்கல் பிறந்த தேதியிலேயே இருக்கிறது. 1891 செப்டம்பர் 28 அன்று பிரிட்டிஷ் ரயில் நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் 118 பேர் சேர்ந்து ‘சென்ட்ரல் உருகுவாய் ரயில்வே கிரிக்கெட் கிளப்’பைத் தொடங்கினார்கள். ஆம், கிரிக்கெட்தான். ரயில் பட்டறைகள் இருந்த பகுதியின் பெயர் பெஞரோல். மஞ்சளும் கறுப்பும் ரயில்வேயிலிருந்து வந்த நிறங்கள். 1913 டிசம்பரில் கால்பந்துப் பிரிவு ரயில் நிறுவனத்தின் பிடியிலிருந்து விலகியது. 1914 மார்ச்சில் ‘கிளப் அத்லேத்திகோ பெஞரோல்’ என்று பெயர் மாறியது. இது வெறும் பெயர் மாற்றம் என்பது பெஞரோல்காரர்களின் வாதம். இல்லை, 1913இல் பிறந்தது புதுக் கிளப் என்பது 1899இல் தோன்றிய பரம எதிரி நாசியோனாலின் வாதம். யார் மூத்தவர் என்ற இந்தச் சண்டைக்கு அங்கே ‘தெக்கனாத்தோ’ என்று தனிப்பெயரே உண்டு.

நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. மூன்று தேதிகளையும் வரிசையாகக் கொடுத்துவிட்டு, பழைய பெயரில் வென்ற ஐந்து பட்டங்களை (1900, 1901, 1905, 1907, 1911) தனி வரியில் காட்டுங்கள். பெரும்பாலான பட்டியல்கள் அந்த ஐந்தையும் சேர்த்தே எண்ணுகின்றன. ‘1891இல் பெஞரோல் என்ற பெயரில் தொடங்கியது’ என்று எழுதினால் மட்டும் அது எந்தத் தரப்பின் கணக்கிலும் தவறு.

அடுத்தது 1922 பிளவு. அர்ஜென்டினாவில் அப்போது இரண்டு சங்கங்கள் இருந்தன. உருகுவாய்ச் சங்கம் ஏற்காத தரப்பின் அணியோடு ஆடியதற்காகப் பெஞரோலும், சென்ட்ரல் என்ற வேறொரு கிளப்பும் வெளியேற்றப்பட்டன. அவை தொடங்கிய மாற்றுக் கூட்டமைப்பு தனியாக லீக் நடத்தியது. அதில் 1924இல் பெஞரோல் சாம்பியன். 1926இல் சமரசக் காலத்துப் போட்டி ஒன்றையும் வென்றது. இந்த இரண்டும் உருகுவாய்ச் சங்கத்தின் வழக்கமான பட்டியலில் இல்லை. அடிக்குறிப்பில் கொடுங்கள், மொத்தத்தில் கலக்காதீர்கள். 1924 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற உருகுவாய் அணியில் பெஞரோல் வீரர் ஒருவர்கூட இல்லாததற்கும் இதே பிளவுதான் காரணம்.

பட்டியலில் 1925, 1926, 1930, 1948 ஆகிய ஆண்டுகள் காலியாக இருந்தால் ஏதோ விட்டுப்போனது என்று நினைத்து நிரப்பிவிட வேண்டாம். முதல் இரண்டும் அந்தப் பிளவின் விளைவு. 1930இல் உலகக் கோப்பை உருகுவாயிலேயே நடந்தது. 1948இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் லீக் பாதியில் நின்றது. தொழில்முறை லீக் தொடங்கியது 1932இல். அதற்கு முந்தைய கணக்கு பெஞரோலுக்கு ஒன்பது: மேலே சொன்ன ஐந்தும், 1918, 1921, 1928, 1929ம்.

பிற்காலத்தில் வேறு குழி இருக்கிறது. 1994க்குப் பிறகு உருகுவாய் லீக்கில் பெரும்பாலான பருவங்களில் அபெர்த்தூரா (தொடக்கம்), கிளவுசூரா (முடிவு) என்று இரண்டு பாதிப் போட்டிகள் உண்டு. ஒரு பாதியை வென்றவர் நாட்டின் சாம்பியன் அல்ல. ஆண்டு முடிவில்தான் அது தீர்மானமாகும். அர்ஜென்டினாவில் இதே பெயர்களில் நடந்த பாதிப் போட்டிகள் பல ஆண்டுகள் முழுப் பட்டங்களாகவே எண்ணப்பட்டன. அந்தப் பழக்கத்தோடு உருகுவாய்க்கு வருபவர்கள் பட்டங்களை ஊதிவிடுகிறார்கள். 2005–06 முதல் 2015–16 வரை பருவம் இரண்டு ஆண்டுகளில் பரவியிருந்ததால் அந்தக் காலத்துக்கு இரட்டை ஆண்டையே எழுதுங்கள்.

தென்னமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபெர்த்தடோரஸ் கோப்பையில் எண் தகராறு இல்லை: 1960, 1961, 1966, 1982, 1987. தவறு நடப்பது இறுதி ஆட்டங்களை விவரிக்கும்போதுதான். அன்றைய விதியில் இரண்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்யவில்லை. புள்ளிகள் சமமானால் பொது ஊரில் மூன்றாவது ஆட்டம். 1966இல் பெஞரோல் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டை உள்ளூரில் 2–0 வென்று, புவனோஸ் ஐரிஸில் 2–3 தோற்றது. இன்றைய பழக்கத்தில் கூட்டினால் அங்கேயே கோப்பை கைக்கு வந்திருக்கும். ஆனால் சான்டியாகோவில் மறுபடி ஆட வேண்டியிருந்தது. 0–2 பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 4–2 வென்றது. ரிவருக்குக் ‘கோழிகள்’ என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது அதன் பிறகுதான்.

1987 நேர்மாறு. கொலம்பியாவின் காலி நகரில் அந்த ஊரின் ‘அமெரிக்கா’ கிளப்பிடம் 0–2, உள்ளூரில் 2–1. கோல் கூட்டலில் அமெரிக்காவே மேல். மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்திலும் சமனானால் கோல் வித்தியாசத்தில் கோப்பை அவர்களுக்கே என்ற நிலையில், 120ஆம் நிமிடம் தியேகோ அகிர்ரே அடித்த ஒற்றைக் கோல் முடிவை மாற்றியது. இந்த விதியைச் சொல்லாமல் ‘கடைசி நிமிடக் கோல்’ என்று மட்டும் எழுதினால், அந்தக் கோல் ஏன் இன்றும் பேசப்படுகிறது என்பது வாசகருக்குப் புரியாது.

ஐரோப்பிய, தென்னமெரிக்கச் சாம்பியன்கள் மோதிய கண்டங்களுக்கிடையேயான கோப்பை மூன்று, அடைப்புக்குறியில் தோற்ற அணி: 1961 (பென்ஃபிகா), 1966 (ரியல் மாட்ரிட்), 1982 (ஆஸ்டன் வில்லா). ‘உலகச் சாம்பியன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா? 2017 அக்டோபரில் கொல்கத்தாவில் கூடிய ஃபிஃபா கவுன்சில் இந்தக் கோப்பையின் வெற்றியாளர்களை அப்படி ஏற்றுக்கொண்டது. அதைக் குறிப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.

சில்லறைப் பிழைகளும் உண்டு. சின்னத்தில் இருக்கும் 11 நட்சத்திரங்கள் பட்டங்கள் அல்ல, களத்தில் நிற்கும் பதினொருவர். எக்குவடோர் வீரர் அல்பெர்த்தோ ஸ்பென்சரின் 54 லிபெர்த்தடோரஸ் கோல்களில் பெஞரோலுக்காக அடித்தவை 48. மீதி 6 எக்குவடோரின் பார்சலோனாவுக்கு. ரிவர் பிளேட், ராசிங் இரண்டும் மொந்தேவிதேயோவிலும் உண்டு, அர்ஜென்டினாவிலும் உண்டு என்பதால் ஊர்ப்பெயர் இல்லாமல் எழுதாதீர்கள். 2016இல் சொந்த மைதானமான காம்பியோன் டெல் சிக்லோ திறக்கும் வரை பெரிய ஆட்டங்கள் நடந்தது சென்டெனாரியோ மைதானத்தில். அது கிளப்பின் சொத்து அல்ல.

பெயரில் ‘ன’ போட்டுப் பெனரோல் ஆக்க வேண்டாம். அந்த ஸ்பானிய ஒலிக்கு நம்மிடம் ‘ஞ’ என்று நேர் எழுத்தே இருக்கிறது.