உயர்தரப் பொது ஆங்கிலத்துக்கு வீட்டில் வகுப்பு எடுப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம், “தங்கச்சி, எங்கட பிள்ளைக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கேலுமோ?” என்று பக்கத்து வீட்டு அன்ரி வந்து கேட்பதில்தான் இலங்கையின் வன்னியில் பல பிரத்தியேக வகுப்புகள் தொடங்குகின்றன. என்னுடைய வகுப்பும் பரந்தனுக்கு அண்மையில் ஒரு வீட்டு விறாந்தையில் அப்படித்தான் தொடங்கியது. அப்படி ஒரு கேள்விக்கு “ஓம்” சொல்லிவிட்டு, நாளை என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதற்படி: இந்தப் பாடத்தின் இடத்தை அறிந்துகொள்ளுங்கள்

உயர்தர மாணவர் ஒருவரைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவுசெய்யப் பயன்படும் இசட் புள்ளியை அவர் தெரிவுசெய்த மூன்று பிரதான பாடங்களே தீர்மானிக்கின்றன. எல்லாப் பிரிவினரும் எழுதும் பொது அறிவுத் தாளான பொதுச் சாதாரண பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்காகக் குறைந்தது 30 புள்ளியாவது பெற வேண்டும் என்பதால் அதற்குப் பிள்ளைகள் ஓரளவு பயப்படுகிறார்கள். பொது ஆங்கிலப் புள்ளியோ இசட் புள்ளியில் சேர்வதில்லை. ஆகவே பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஓடித் திரியும் ஒரு பிள்ளை உங்களுக்கு வாரத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தரப் போவதில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தாலும் செய்யப் போவதில்லை. இதற்காகக் கோபப்படுவதில் பயனில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள்ளேயே வாசித்து, எழுதி, திருத்தி முடிக்கும்படி வகுப்பை அமைப்பதுதான் உங்கள் வேலை, கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கை வைத்தே சொல்லப்படுகின்றன.

“புள்ளியில் சேராத பாடத்தை ஏன் படிக்க வேண்டும்?” என்று முதல் நாளே கேட்பார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்திலும் விவசாய பீடத்திலும் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன என்பதைச் சொல்லுங்கள். நாளாந்தம் பேருந்தில் கடந்துபோகும் கட்டடங்கள் அவை என்பதால், அந்தப் பதில் எந்த அறிவுரையையும்விட நன்றாக ஏறும்.

இரண்டாம் படி: வினாத்தாளை முதலில் நீங்கள் எழுதுங்கள்

பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களையும் அவற்றின் புள்ளி வழங்கும் திட்டத்தையும், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் தேடிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் தடித்த இலக்கணப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிறகு ஒரு பின்னேரம் மணிக்கூட்டை முன்னால் வைத்து, தாளில் குறித்துள்ள நேரத்துக்குள் ஒரு முழு வினாத்தாளை நீங்களே எழுதிப் பாருங்கள். நான் முதன்முறை எழுதியபோது சுருக்கம் எழுதுவதில் நேரத்தை விழுங்கிவிட்டு, கட்டுரையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த அனுபவம் இல்லாவிட்டால் நேரப் பங்கீட்டைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு எந்த உரிமையும் இருந்திருக்காது.

மூன்றாம் படி: பத்து வசனம் எழுத வையுங்கள்

வகுப்பின் வெற்றி பெரும்பாலும் இந்தப் படியில்தான் தங்கியுள்ளது என்பது என் எண்ணம். முதல் நாள் பாடம் எதுவும் நடத்தாமல், ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, தன் குடும்பத்தைப் பற்றிப் பத்து வசனங்களைப் பத்து நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். அகராதி வேண்டாம், கைத்தொலைபேசியும் வேண்டாம். எழுதியதைத் திருத்தாமல் திகதியிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் மாணவர் எழுதிய இரண்டாவது வசனம் இது: “மை ஃபாதர் எவ்ரிடே பெடி ஃபீல்ட் கோயிங்.” மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே பிழை என்று தோன்றும். ஆனால் “என் அப்பா ஒவ்வொரு நாளும் வயலுக்குப் போகிறவர்” என்று அதைத் தமிழில் வாசித்தால், அந்தப் பிள்ளை தமிழின் ஒழுங்கை ஒரு சொல்லும் தவறாமல் பின்பற்றியிருப்பது தெரியும். தமிழில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது எழுவாய்க்கு அடுத்து வர வேண்டும். தமிழில் ‘கு’ உருபு ‘வயல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்; ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் ‘டு’ முன்னால் தனியாக நிற்கும், பிள்ளையோ அதைத் தேடிக் காணாமல் விட்டுவிட்டது. ‘த’ போன்ற சிறு சொல்லுக்குத் தமிழில் நேரான இணை இல்லாததால் அது நினைவுக்கே வரவில்லை. மூன்றையும் சீராக்கினால் “மை ஃபாதர் கோஸ் டு த பெடி ஃபீல்ட் எவ்ரிடே” என்று வரும்.

அதே தாளில் “மை மதர் ரீச்சர்” என்றும் இருந்தது. “என் அம்மா ஆசிரியர்” என்னும்போது தமிழில் வினைச்சொல் தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் ‘இஸ்’ இல்லாமல் அந்த வசனம் நிற்காது. இப்படிப் பத்து வசனங்களையும் தமிழோடு ஒட்டிப் பார்த்து, எந்த வகைப் பிழை எத்தனை முறை வந்திருக்கிறது என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கமே சொல்லும். பன்னிரண்டு காலங்களையும் அட்டவணை போட்டு மனனம் செய்விக்கும் வேலை உங்களுக்கு இராது.

நான்காம் படி: ஒன்றரை மணித்தியாலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு வாசிப்புப் பகுதியை உரத்து வாசிக்க வைத்து, வினாக்களுக்கான விடை எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். அடுத்த பத்து நிமிடம் பிழைப்பட்டியலில் ஒன்றுக்கு மட்டும். பின்னர் அரை மணித்தியாலம் எழுத்து. மிகுதி நேரம் முழுவதும் திருத்தத்துக்கு. அன்று ‘இஸ்’ பற்றிக் கற்பித்திருந்தால், அந்தப் பிழையை மட்டும் சிவப்பு மையால் சுழியுங்கள். மற்றவற்றைக் கண்டும் காணாததுபோல விடுங்கள். தாள் முழுவதும் சிவந்துபோய்த் திரும்பக் கிடைத்த பிள்ளை அடுத்த கிழமை இரண்டே வசனம் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும், இதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் படி: எழுதத் தெரிந்த விடயத்தைக் கொடுங்கள்

சாதாரண தரத்திலேயே அறிமுகமாகும் வரைபட விவரிப்பு பலருக்கு இன்னும் தடுமாற்றம்தான். வழிகாட்டி நூல்களில் வரும் அந்நிய நகரமொன்றின் விற்பனைக் கணக்கைக் கொடுத்தால், பிள்ளை மொழியோடும் விடயத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக, இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் ஓர் ஆண்டில் எப்படி மாறும் என்று பிள்ளையையே குத்துமதிப்பாக ஒரு கோட்டு வரைபடம் வரையச் சொல்லுங்கள். மாரி மழையோடு மட்டம் ஏறும், மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயக்கூடும், சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விடத் தொடங்கியதும் இறங்கும், ஆவணி புரட்டாதியில் அடி தெரியும். இவற்றை வயல்காரரின் பிள்ளைக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது ஏறியது, இறங்கியது, மாறாமல் நின்றது என்ற மூன்று தமிழ் வினைகளுக்கும் ஆங்கிலம் கொடுங்கள். ‘ரைஸ்’ இறந்தகாலத்தில் ‘ரோஸ்’ ஆகும், ‘ஃபோல்’ ‘ஃபெல்’ ஆகும், ‘ரிமெய்ன்’ என்பது மட்டும் ஒழுங்காக ‘ரிமெய்ன்ட்’ ஆகும். இவற்றோடு ‘ஸ்லோலி’, ‘ஷார்ப்லி’ என்ற இரண்டு அடைகளைச் சேர்த்தால் ஆறு வசனம் எழுதுவதற்குப் போதிய சரக்கு வந்துவிடும். குளத்தை எழுதிப் பழகிய பின்னர் அதே வினைகளைக் கொண்டு அந்த அந்நிய நகரத்தின் விற்பனையையும் எழுதச் சொல்லுங்கள். கடிதத்துக்கும் இதே முறைதான்: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டில் இருக்கும் மாமாவை அழைத்து எழுதச் சொன்னால் பேனை தானாக ஓடும்.

ஆறாம் படி: நேரமும் இடமும்

கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டுவிட்டு வகுப்பு நேரத்தைத் தீர்மானியுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் பொழுதுபட்ட பின் யானை வரும் வீதிகள் உண்டு. அங்கே வகுப்பைக் காலையில் வைப்பதே நல்லது. அறைக்குள் இராமல் விறாந்தையிலேயே, பெரியவர்களின் கண்பார்வையில் வகுப்பை நடத்துங்கள். காலபோக அறுவடைக் காலத்தில் வரவு குறையும். அந்தக் கிழமைகளில் புதிய பாடம் தொடங்க வேண்டாம். ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் சேர்த்தால் திருத்தம் முடியாது. கட்டணத்தை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள், அறுவடை முடிந்து தருகிறோம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கடைசி மூன்று மாதம்

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது புதிய இலக்கணத்தை நிறுத்திவிட்டு, கிழமைக்கு ஒரு வினாத்தாளின் பாதியை மணிக்கூட்டோடு எழுத வையுங்கள். புள்ளி வழங்கும் திட்டத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்து, தன் விடைக்குத் தானே புள்ளி போடச் சொல்லுங்கள். வெறுமையாக விட்ட வினாவுக்கு எதுவும் கிடையாது, அரைகுறையாக எழுதியதற்குச் சிறிதாவது கிடைக்கும் என்பது அப்போதுதான் கணக்காகப் புரியும்.

அந்தக் காலத்தின் முதல் வகுப்பில், திகதியிட்டு வைத்திருந்த பத்து வசனத் தாளை வெளியே எடுத்து, இம்முறை சிவப்புப் பேனையைப் பிள்ளையிடம் கொடுங்கள். தானாகக் கண்டுபிடித்துத் திருத்திய பிழைகளை விட்டுவிடுங்கள். இன்னமும் கண்ணில் படாமல் தப்பியவற்றை மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து, எஞ்சிய கிழமைகளை அவற்றுக்கு ஒதுக்குங்கள்.