டாங்கி முதுகில் ஒரு மரக்கட்டை

செங்கோட்டையில் ஆடிச் சாரல் காற்று அடித்தால் மேஜைமேல் காகிதம் நிற்காது. மேஜைமேல் சிறு டாங்கி பொம்மைகளை வைத்து ஆடும் எங்கள் போர் விளையாட்டில், ஒவ்வொரு டாங்கியின் நிலையையும் காட்ட 'நகர்ந்தது', 'சேற்றில் சிக்கியது' என்று எழுதிய வண்ணச் சீட்டுகள் பாதி ஆட்டத்தில் பறந்துவிடும். புனலூரிலிருந்து வரும் அத்தை மகன், "மச்சான், இது நகர்ந்துச்சா இல்லையா?" என்று கேட்டபடியே இருப்பான். பறக்காவிட்டாலும் எனக்கு அந்தச் சீட்டுகள் பிடிக்காது. பார்த்துப் பார்த்து வண்ணம் தீட்டிய டாங்கிமேல் சிவப்பு வட்டம் கிடந்தால் கண்ணை உறுத்தும்.

இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கியான டி-34-இன் படங்களைப் பார்த்தபோது வழி தெரிந்தது. சேற்றில் சிக்கினால் சங்கிலிப் பட்டைக்கடியில் கொடுத்து ஏறி வர, அவை மரக்கட்டையைச் சுமந்து போயிருக்கின்றன. அதையே 'சேற்றில் சிக்கியது' என்பதற்கு அடையாளமாக்கினேன். 1:100 அளவில் டாங்கி ஆறரை சென்டிமீட்டர்தான். தென்னை ஈர்க்கில் இரண்டு சென்டிமீட்டர் நறுக்கினால் கட்டை தயார். நகர்ந்த வண்டிக்கு, பசை தடவிச் சுருட்டிய டிஷ்யூ காகிதம்: தார்ப்பாய்ச் சுருள்.

ஒட்டி நிற்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. டாங்கிக்குள் பின்தட்டின் அடியில் 3 மி.மீ. காந்தம் வைத்தேன், பிளாஸ்டிக்கைத் தாண்டி அது இழுக்கவில்லை. 5 மி.மீ. அகலம், 2 மி.மீ. கனத்தில் மாற்றியதும் சரியானது. ஈர்க்கின் அடியில் காந்தம் வேண்டாம், குண்டூசித் துண்டு போதும். அதற்கு வடக்கு தெற்கு பார்க்க வேண்டியதில்லை, எப்படி வைத்தாலும் ஒட்டும். குண்டூசி காந்தத்தில் ஒட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பித்தளை ஒட்டாது.

போன ஞாயிறு ஜன்னலைத் திறந்துவைத்தே ஆடினோம்.